பைன் கட்டிய நாள்

பாலேஸ்வரி பண்டாரவளையிலிருந்து கொண்டுவந்தது பதினொரு பைன் கன்றுகள். நாலு வருடத்தில் மிஞ்சியது ஒன்று. மற்றப் பத்தும் எப்படிச் செத்தன என்று யாராவது கேட்டால் விரல்விட்டுச் சொல்ல அவள் தயார்தான். கேட்டவர்தான் மூன்றாவது கன்றிலேயே தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பிவிடுவார்.

தொண்ணூற்று மூன்றில் சோதனைத்தாள் திருத்தப் போன இடத்தில் கண்ட கன்றுகள் அவை. தங்கியிருந்த விடுதிக்கு மேலே மலை முழுக்க அரசாங்கம் நட்ட பைன் காடு. கீழே தெருவுக்காக வெட்டிய மண்சுவரில், காய்ந்த ஊசியிலைகளுக்கு நடுவே, விரல் நீளத்தில் சின்னக் கன்றுகள் தாங்களாகவே முளைத்து நின்றன. யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் விடவில்லை. அடுத்த மழைக்கு மண் சரிந்தால் அத்தனையும் தெருவில் கிடக்கும். பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடத்துப் புவியியல் ஆசிரியை ஒருத்தி நாற்பது வயதில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாப்பாட்டுக் கரண்டியால் மண் கிண்டுவதைப் பார்த்து மற்ற ஆசிரியைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பதினொன்றையும் ஈரப் பத்திரிகைத் தாளில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, ரயிலில் மடியை விட்டு இறக்காமல் வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

வந்த அன்றே ஆறைக் கொன்றாள். வேர்களில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. பூஞ்சணம் பிடித்த செத்தல் மிளகாயைக் கழுவிக் காயவைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? குழாயைத் திறந்துவிட்டு ஒவ்வொரு வேராகத் தேய்த்துக் கழுவினாள். ஆறு கழுவியதும் அலுத்துப்போய், மீதி ஐந்தையும் வந்த மண்ணோடு அப்படியே நட்டுவிட்டுப் படுத்தாள். கழுவிய ஆறும் செத்தன. கழுவாத ஐந்தும் தளிர்விட்டன. அந்தப் பூஞ்சணம்தான் பைன் வேருக்குச் சோறு ஊட்டுகிறது, அது போனால் வேருக்குத் தண்ணீர் குடிக்கவும் தெரியாது என்பதைப் பிறகு ஷரீப் சொல்லித்தான் அறிந்தாள்.

ஷரீப் கொம்பனித்தெருவில் மின்விசிறி மோட்டர்களுக்குக் கம்பி சுற்றுகிறவர். முன்பொரு காலம் கட்டட வேலைக்கு வந்திருந்த ஜப்பான் பொறியியலாளர் ஒருவரின் வீட்டு மின்விசிறி திருத்தப்போய், அவருடைய போன்சாய் மரங்களில் மனதைப் பறிகொடுத்து, இரண்டு வருடம் அவருக்கு எடுபிடியாக நின்று வேலையைப் பழகியவர். மோட்டருக்குச் சுற்றும் அதே செப்புக் கம்பியை நெருப்பில் வாட்டி மெதுவாக்கி, மரத்தின் தண்டிலும் கிளையிலும் சுற்றி, தான் நினைத்த பக்கம் வளைத்துவிடுவார். பாலேஸ்வரியும் முயன்று பார்த்தாள். அவள் வளைத்த கிளை முறிந்தது. அவர் வளைத்தால் கிளைக்கே தெரியாது.

மிஞ்சிய ஐந்தில் இரண்டைக் காகம் கொண்டுபோனது. வெள்ளவத்தைக் காகங்களுக்குக் கூடு கட்டக் கம்பி என்றால் உயிர். கம்பியை இழுத்த இழுவையில் கன்றும் சேர்ந்து போய்விட்டது. ஒன்றுக்கு விருந்தாளி ஒருவர் அன்போடு அரிசி கழுவிய தண்ணீரை நாளுக்கு இரண்டு தடவை ஊற்றினார். இன்னொன்று ஒரு காரணமும் சொல்லாமல் செத்தது. அதுதான் அவளுக்குப் பெரிய கோபம். காகத்தையாவது திட்டலாம்.

மிஞ்சிய ஒன்று நன்றாக இருந்தது. நன்றாக என்றால் கொடிக்கம்பம்போல நேராக. போன்சாய்க்கு அது அழகில்லை. அடித்தண்டில் ஒரு வளைவு வேண்டும், மலைக்காற்றில் சாய்ந்து நிமிர்ந்தது போல. தண்டு இப்போது சின்னிவிரல் மொத்தம். இந்த வருடம் வளைக்காவிட்டால் முற்றிவிடும், அதற்குப் பிறகு முறியுமே தவிர வளையாது. தண்டில் கைவைக்கும் துணிச்சல் பாலேஸ்வரிக்கு இல்லை. ஷரீப் வரவேண்டும்.

எட்டு மாதமாக அவர் வருகிறேன் வருகிறேன் என்றுதான் இருந்தார். ஒருநாள் கோட்டைப் பக்கம் குண்டு வெடித்துத் தெருவை மூடினார்கள். ஒருநாள் வெள்ளவத்தையில் சுற்றிவளைப்பு. ஒருநாள் ஊரடங்கு. ஒருநாள் அவருடைய தாயாருக்கு ஆஸ்பத்திரி. எல்லாம் சரியாக அமைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலேஸ்வரியின் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அவளே கூப்பிட்டு வரவேண்டாம் என்றாள். அதை நினைத்து இரண்டு கிழமை தலையில் அடித்துக்கொண்டாள். இப்போது அவருக்குக் கட்டாரில் வேலை கிடைத்திருந்தது. இன்னும் சில நாட்களில் விமானம்.

இதற்கிடையில் வீட்டுக்கு வருகிறவர்களின் தொல்லை வேறு. பல்கணியை எட்டிப் பார்ப்பார்கள், சட்டிக்குள் நிற்கும் கன்றைக் காண்பார்கள், ஒரு பெருமூச்சு விடுவார்கள். "எங்களைப் போலத்தான், என்ன ரீச்சர்? வேரை வெட்டி, கம்பி கட்டி, ஒரு சட்டிக்குள்ளை..." என்று இழுப்பார்கள். பன்னிரண்டு பேர் இதுவரை இதைச் சொல்லியிருக்கிறார்கள். பன்னிரண்டு பேரும் தாங்கள்தான் முதன்முதல் கண்டுபிடித்தது போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்கள். பாலேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வரும். பஸ்ஸில் தமிழர் படும் பாட்டுக் கதை, பள்ளிக்கூடத்தில் அந்தக் கதை, பத்திரிகையை விரித்தால் அந்தக் கதை. அந்தக் கதை இல்லாத ஒரே ஒரு பொருள் அவளிடம் இருந்தது, அது இந்த மரம். பிள்ளைக்காகவோ புருசனுக்காகவோ பள்ளிக்கூடத்துக்காகவோ இல்லாமல், தனக்காக அவள் ஆசைப்பட்டது வாழ்க்கையில் அது ஒன்றுதான். அதையும் பிடுங்கி எங்களைப்போல என்று சொல்லிவிட்டால் என்ன மிஞ்சும்?

புருசன் இராசரத்தினம் அப்படிப் பெருமூச்சு விடுகிறவர் இல்லை. அவர் அந்த மரத்தைப் பார்த்ததே குறைவு. காப்புறுதிக் கம்பனியொன்றில் எழுதுவினைஞர், பீனிசக்காரர், கடற்காற்றுப் பட்டால் நாலு நாளைக்குத் தும்முவார் என்பதால் பல்கணிக் கதவைத் தாண்டமாட்டார். கண்ணாடிக்கு உள்ளே நின்று பார்த்தால் ஏதோ ஊசி ஊசியாகத் தெரியும். ஊசி ஊசியாக இருந்தால் காரைநகரில் பிறந்தவருக்கு அது சவுக்கு. வேறென்னவாக இருக்க முடியும்?

"உந்தச் சவுக்குக்கு ஏனப்பா இவ்வளவு பாடு? எங்கடை கடற்கரையிலை ஆயிரம் நிக்குது, ஆரும் தண்ணி விடுறேல்லை."

"அது சவுக்கில்லை. பைன்."

"ஓமோம்" என்பார். அடுத்தநாள் காலை, "சவுக்குக்குத் தண்ணி விட்டீரோ?"

இரண்டு வருடம் பாலேஸ்வரி திருத்தினாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்குப் பருவக்காற்றைப் புரியவைத்தவளுக்கு இந்த ஒரு மனுசனுக்கு ஒரு மரத்தின் பெயரைப் புரியவைக்க முடியவில்லை. மூன்றாம் வருடம் அலுத்துப்போய், "சவுக்குக்குத் தண்ணி விட்டிட்டன்" என்று அவளே சொல்லத் தொடங்கினாள். வீட்டில் சவுக்கு, ஷரீப்போடு பைன். அங்கேதான் பிழை விட்டாள் என்பது பிறகல்லவா தெரிந்தது.

போன வியாழக்கிழமை இன்னொன்று நடந்தது. ஷரீப் கொடுத்தனுப்பிய செப்புக் கம்பிச் சுருளும் ஒரு சின்னக் குறடும் அவளுடைய கைப்பையில் இருந்தன. ஒழுங்கை முனையிலிருந்த சோதனைச்சாவடியில் பொலிஸ் பெண்பிள்ளை பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். எதற்குக் கம்பி என்ற கேள்விக்கு, மரத்துக்கு என்று பாலேஸ்வரி தன் உடைந்த சிங்களத்தில் சொன்னது எடுபடவில்லை. கம்பியைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஆனால் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து அவள் கொதித்தாள். இராசரத்தினம் வெளிறிப்போனார்.

"ஏனப்பா கம்பியோடை போனனீர்?"

"என்ரை கம்பி. எனக்குத் தேவை."

"கொப்பியிலை எழுதினவங்களோ? உம்மடை பேரையோ?"

"எழுதட்டும். நல்லா வடிவா எழுதட்டும்."

கம்பி எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து தொலைபேசி அடித்தால் கையிலிருந்ததை வைத்துவிட்டு எழும்பி நின்றார்.

அது நடந்து ஆறாம் நாள், புதன்கிழமை. இராசரத்தினம் சளி, தடிமன் என்று லீவு போட்டு வீட்டில் இருந்தார். பாலேஸ்வரி தவணைச் சோதனை வேலை முடித்து வரும்போது ஐந்தேகால் மணி ஆகியிருந்தது. வீடு பூட்டியிருந்தது. கைப்பையிலிருந்த சாவியால் திறந்தாள். சாப்பாட்டு மேசையில், உப்புப் போத்தலுக்குக் கீழே, புருசனின் மணிமணியான கையெழுத்தில் ஒரு துண்டு.

"பைன் கட்டப் போகிறேன். நீர் யோசிக்க வேண்டாம். சோறு அடுப்பில்."

பாலேஸ்வரி துண்டைக் கையில் எடுத்தாள். பைன் கட்டவா? இந்த மனுசனா? குறட்டைக் கையில் பிடிக்கத் தெரியாதவர் என் பைனை எங்கே கொண்டுபோய்க் கட்டப்போகிறார்? செருப்பையும் கழற்றாமல் பல்கணிக்கு ஓடினாள். மரம் இருந்த இடத்தில் இருந்தது, கொடிக்கம்பம்போல நேராக, ஒரு ஊசிகூடக் குறையாமல். அப்படியானால் மனுசன் எதைக் கட்டப் போனார்? துண்டை இன்னொரு தடவை வாசித்தாள். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

அந்த நேரம் கதவு தட்டப்பட்டது. தோளில் பையும் நெற்றியில் வியர்வையுமாக ஷரீப் நின்றார்.

"மரம் ஈக்கா டீச்சர்? முறிக்கல்லியே?" என்றுகொண்டே உள்ளே வந்தார். "நாலு மணி போல ஃபோன் எடுத்த. சார்தான் பேசின. நாளைக்கி எனக்கு ஃப்ளைட் தானே. டீச்சர்ட பைன் இன்டைக்கிக் கட்டியே ஆகணும், இதுக்கு மேல தள்ளிப் போட்டா முறிஞ்சி போகும் என்டு சொன்ன. நான் ஆரு என்டுகூட சார் கேக்கல்ல. பொறகு சொன்னார், டீச்சர ஒன்டும் செய்ய வாணாம், நானே வந்து கட்டுறன் என்டு. வெச்சிட்டார். எனக்கி வெளங்கல்ல. சார் எப்ப கம்பி சுத்தப் பழகின? முறிச்சிப் போடுவாரோ என்ட பயத்துலதான் ஓடி வந்த."

பேசிக்கொண்டே அவர் சட்டியைத் தன் பக்கம் திருப்பி, கம்பியை மண்ணில் குத்தி, அடித்தண்டில் முதலாவது சுற்றைப் போட்டார். இரண்டாவது சுற்று. எட்டு மாதம் காத்திருந்த அந்தச் சுற்றைப் பார்க்காமல் பாலேஸ்வரி கையிலிருந்த துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பைன் கட்ட. நானே வந்து கட்டுறன்.

அப்போதுதான் புத்தியில் தட்டியது. மரமும் பைன், தண்டப்பணமும் பைன். கம்பியும் கட்டுவது, காசும் கட்டுவது. இந்த வீட்டில் மரத்துக்குப் பெயர் சவுக்கு. சவுக்கைத் தெரிந்த மனுசனுக்கு டீச்சரின் பைன் என்றால், கொப்பியில் பெயர் எழுதிய பொலிஸ் டீச்சருக்கு அடித்த பைன். கட்டாவிட்டால் முறியும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். எது முறியும் என்று அவர் கேட்டிருக்கமாட்டார்.

"அல்லாவே" என்றார் ஷரீப், அவள் சொன்னதைக் கேட்டு. "பொலிஸ் என்டா என்னை நெனச்சீக்கிறார்?"

வெள்ளவத்தையில் ஒரு தமிழ் ஆள் கூப்பிடாமலே பொலிசுக்குப் போவதா? கூப்பிட்டே போகாமல் இருக்க எத்தனை பேர் எத்தனை பாடுபடுகிறார்கள்! பாலேஸ்வரிக்கு முதலில் வந்தது பயம் இல்லை, ஆத்திரம். சட்டியைத் தூக்கினாள். கம்பி எதற்கு என்று கேட்டால் காட்டுவதற்கு வேறு என்ன இருக்கிறது?

ஷரீப் அரைவாசிச் சுற்றிய கம்பியைக் குறட்டால் வெட்டிவிட்டார். கூட வரட்டுமா என்று அவர் வாய் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது. பையில் கம்பி, நாளைக்கு விமானம், வீட்டில் நோயாளித் தாய். பாலேஸ்வரிக்கு அது விளங்கியது.

"நீங்கள் போங்கோ ஷரீப். நான் பாக்கிறன்."

"மண் கலங்காமப் பாருங்க டீச்சர்" என்றார் அவர், படியில் இறங்கும்போது.

சோதனைச்சாவடிக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டைப் பொலிஸ்காரர்களுக்காக எடுத்திருந்தார்கள். முற்றத்தில் மண்மூட்டைகள், விறாந்தையில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு வயதான சார்ஜன்ட். பாலேஸ்வரி சட்டியை மார்போடு அணைத்தபடி நின்று தன் புருசனின் பெயரைச் சொன்னாள். சார்ஜன்ட் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். அவர் குரலிலும் எரிச்சல்தான் இருந்தது.

"உள்ளறையில் இருக்கிறார். அவர் தானாக நடந்து வந்தார், மிஸ். தண்டம் கட்ட வந்திருக்கிறேன் என்றார். என்ன தண்டம்? தெரியாதாம். யார் விதித்தது? தெரியாதாம். கம்பி என்னுடையது, மனைவிக்கு ஒன்றும் தெரியாது, என்ன செய்வதென்றாலும் எனக்குச் செய்யுங்கள் என்றார். எந்தக் கம்பி என்று கொப்பியைத் தேடி எடுத்தோம். சரி, கம்பி எதற்கு என்று கேட்டால் அதுவும் தெரியாதாம். தன்னுடைய கம்பி, எதற்கென்று தெரியாது! இது ஒரு பதிலா?"

"அது மரத்துக்கு" என்றாள் பாலேஸ்வரி. "இந்த மரத்துக்கு. இதற்குப் பெயர் பைன். தண்டத்துக்கும் நாங்கள் பைன் என்றுதான் சொல்லுவோம். அவர் மாறி விளங்கிக்கொண்டார்."

சார்ஜன்ட் யோசித்தார். சிங்களத்தில் மரம் பைனஸ், தண்டம் தட. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

"மரத்துக்கும் தண்டத்துக்கும் ஒரே சொல்லா? என்ன பாஷை அது?"

பாலேஸ்வரிக்கு அந்த நேரத்திலும் ரோசம் வந்தது. இரண்டுமே இங்கிலீஷ் சொல், தமிழ் வாயில் வரும்போதுதான் ஒன்றாகிறது என்று விளக்கப்போனாள். பாதியில் சிங்களம் தடக்கியது. ஒரு மொழியில் விளங்காமல் நடந்த பிழையை இன்னொரு மொழியில் விளங்காமல் விளக்கிக்கொண்டு நிற்கிறேனே என்று அழுகை வந்தது. அழவில்லை.

சார்ஜன்ட் மணிக்கூட்டைப் பார்த்தார். "ஆறு மணிக்கு ஜீப் வரும். விசாரிக்க வேண்டியவர்களைப் பெரிய இடத்துக்கு ஏற்றிக்கொண்டு போகும். அதற்குப் பிறகு என் கையில் இல்லை. நீங்கள் சொல்வதை நான் நம்பலாம். ஆனால் எனக்கு மேலே ஒருவர் இருக்கிறார். அந்தச் சட்டிக்குள் என்ன?"

"மண்."

"மண்ணுக்குள்?"

"வேர்."

"நான் கண்ணால் கண்டேன் என்று எழுத வேண்டும், மிஸ். கொட்டுங்கள்."

அந்த ஜீப்பில் ஏறினவர்களின் பெண்சாதிமாரை அவளுக்குத் தெரியும். அடையாள அட்டைப் பிரதியும் உருக்குலைந்த முகமுமாகக் கந்தோர் கந்தோராக அலைந்தவர்கள். ஒருத்தி இரண்டு வருடமாக அலைகிறாள்.

"ஒரு பத்திரிகைத் தாளும் ஒரு கரண்டியும் தாருங்கள். ஒரு அரை மணித்தியாலம்" என்றாள்.

மணிக்கூட்டில் ஆறுக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. சார்ஜன்ட் ஒரு பழைய பத்திரிகைத் தாளை மட்டும் மேசையில் தள்ளிவிட்டார். தூரத்தில், காலி வீதிப் பக்கம், ஒரு வாகனத்தின் ஹோர்ன் கேட்டது.

பாலேஸ்வரி சட்டியைக் கவிழ்த்தாள். நாலு வருடம் அவள் சல்லடையில் அரித்து அரித்துச் சேர்த்த மணல் விறாந்தையில் கொட்டியது. ஒரு கொன்ஸ்தாபிள் குனிந்து, வேர்க்கட்டியில் பின்னிக்கிடந்த வெள்ளை நூல்களை விரலால் காட்டினான்.

"இது என்ன வெள்ளை? மருந்தா?"

"பூஞ்சணம். அது மரத்துக்குச் சாப்பாடு கொடுப்பது."

"பூஞ்சணமா சாப்பாடு கொடுக்கும்?" அவன் சார்ஜன்ட்டைப் பார்த்தான். சார்ஜன்ட் பாலேஸ்வரியைப் பார்த்தார். கழுவிக் காட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை. அவளுடைய சிங்களத்தில் இதற்கு விளக்கம் இல்லை. தமிழில் இருந்தாலும் நேரம் இல்லை. முற்றத்து மூலையில் குழாய் இருந்தது. அவளே போய்த் திறந்தாள். வேர்க்கட்டியைத் தண்ணீருக்குக் கீழே பிடித்து, ஆறு கன்றைக் கொன்ற அதே கையால், தேய்த்துக் கழுவினாள். வெள்ளை எல்லாம் கரைந்து காலடியில் ஓடியது. அந்த நிமிடம் அவள் எல்லோரையும் வெறுத்தாள். கொன்ஸ்தாபிளை, சார்ஜன்ட்டை, ஜீப்பை, மரத்துக்குச் சவுக்கு என்று பெயர் வைத்த காரைநகரை, எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளறையில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கும் அந்த நல்ல மனுசனை.

கழுவி முடிந்த வேரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வெறும் வேர், மண்ணிறம், சுத்தம். சார்ஜன்ட் அதையும் அரைவாசிக் கம்பி சுற்றிய தண்டையும் புரட்டிப் பார்த்தார். பிறகு கொப்பியில் ஒரு பெயரை வெட்டினார்.

"நான் வெலிமடைக்காரன்" என்றார் பேனையை மூடிக்கொண்டு. "எங்கள் ஊரில் இது நட்ட பிறகு ஊற்றெல்லாம் வற்றிப்போனது. வெட்டி எறியச் சொல்லிச் சனம் சண்டை பிடிக்கிறது. நீங்கள் இதை வீட்டுக்குள் வைத்து வளர்க்கிறீர்களே, மிஸ்."

இராசரத்தினம் வெளியே வந்தபோது ஜீப் மண்மூட்டைகளுக்கு முன்னால் வந்து நின்றது. அவர் அதைப் பார்க்கவில்லை. பாலேஸ்வரி பார்த்தாள். அவருடைய முழங்கையைப் பிடித்து ஒழுங்கைக்குள் இழுத்துக்கொண்டு நடந்தாள். மற்றக் கையில் ஈரப் பத்திரிகைத் தாளில் மரம். வெறும் சட்டியை அவர் வாங்கிக்கொண்டார். கொஞ்சத்தூரம் நடந்ததும் அவர் தும்மினார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"கட்டியாச்சோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என்னத்தை?"

"பைன். எவ்வளவு கட்டினனீர்?"

பாலேஸ்வரி நடு ஒழுங்கையில் நின்றுவிட்டாள். உள்ளறையில் இருந்த மனுசனுக்கு விறாந்தையில் நடந்தது ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

"உதுதான் பைன்!" பத்திரிகைத் தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்த மரத்துக்குத்தான் பேர் பைன். கம்பி கட்ட ஷரீப் போன் எடுத்தவர். பொலிஸ் எடுக்கேல்லை. ஒருத்தரும் உங்களைக் காசு கட்டச் சொல்லேல்லை!"

அவர் மரத்தைப் பார்த்தார். ஒரு சாண் தூரத்தில் அதைப் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை.

"அப்ப கம்பி?"

"இதுக்குத்தான் கம்பி."

"எனக்குத் தெரியாதப்பா. அவங்கள் எதுக்குக் கம்பி எண்டு கேக்க, எனக்குச் சொல்ல ஒண்டும் வரேல்லை. ஏதோ உமக்குத் தேவை எண்டு மட்டும்தான் தெரியும். அதுதான் என்ரை எண்டு சொன்னனான்."

"நாலு வருசம்" என்றாள் பாலேஸ்வரி. "எனக்காக ஜீப்பிலை ஏறவும் நிண்டியள். ஆனா ஒருநாள், ஒரே ஒருநாள், அந்தக் கதவைத் திறந்து வந்து, இது என்னப்பா, என்ன செய்யிறீர் எண்டு கேட்டிருக்கலாமே! நான் சொன்னனான். நாப்பது தரம் சொன்னனான். நீங்கள் கேக்கேல்லை."

இராசரத்தினம் வெறும் சட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். அவரைத் திட்டித் தீர்க்கவேண்டும் போலவும் இருந்தது, அந்தச் சளி பிடித்த முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நடந்தாள். கோபிக்கும்போதாவது ஒழுங்காகக் கோபிக்க விடாத மனுசனைக் கட்டினது தன் தலைவிதி என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து மரத்தைத் திரும்ப நட்டாள். புது மணல், புதுத் தண்ணீர். பிரயோசனம் இல்லை என்று கைக்குத் தெரியும், ஆனாலும் நட்டாள். சுற்றியிருந்த இரண்டு சுற்றுக் கம்பியையும் கழற்றிவிட்டாள். தண்டு முன்போலவே நேராக நின்றது.

மறுநாள் காலை அவள் எழும்பும்போது பல்கணிக் கதவு திறந்திருந்தது. இராசரத்தினம் கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு, கடற்காற்றில் தும்மித் தும்மி, சட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"இஞ்சாரும், பயப்பட ஒண்டும் இல்லை" என்றார் முகம் மலர. "உம்மடை பைன் பச்சையாய்த்தான் இருக்கு."

பைன் என்றார். நாலு வருடத்தில் முதல் தடவையாக.

அவருக்குத் தெரியாது. பைன் சாகும்போது வாடாது, சோராது. வேர் செத்துப் பல நாளானாலும் ஊசியெல்லாம் பச்சையாகவே நிற்கும். ஒருநாள் திடீரென்று மண்ணிறமாகும்போது, அது எப்பவோ முடிந்த கதையாக இருக்கும். இது பாலேஸ்வரிக்குத் தெரியும். சொல்வதற்கு வாய் வரைக்கும் வந்தது.

வெள்ளிக்கிழமையும் அவர் அதையேதான் சொன்னார். சனிக்கிழமை, எத்தனை புதுத் தளிர் இருக்கிறது என்று எண்ணிச் சொன்னார். அடுத்த கிழமை, ஊசிகள் மூன்று மூன்றாகக் கட்டு விட்டிருக்கின்றனவே, சவுக்கில் இப்படி இல்லையே, இது ஏன் என்று கேட்டார். அவள் காத்திருந்த கேள்விகள் எல்லாம் ஒவ்வொன்றாக, ஒழுங்காக, பிந்தி வந்துகொண்டிருந்தன. அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

பன்னிரண்டாம் நாள் காலையும் அவர் பல்கணியிலிருந்து கூப்பிட்டார். "வந்து பாருமப்பா, என்ன பச்சை!"

பாலேஸ்வரிக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. "ஓம்" என்றாள். தேத்தண்ணியைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று பார்த்தாள்.